இடது கைப் பூச்சிகள்

ஜெர்மனியின் கொலோன் நகரில் இறங்கிய மறுநாள் காலை என் தங்கை எஸ்தர் ஒரு நூலை எடுத்து என் பாதத்தை அளந்தாள். பிறகு கீழ்வீட்டுக்காரரிடம் போய், இறந்துபோன அவருடைய அண்ணனின் பூட்ஸை இரவல் வாங்கி வந்தாள். இரண்டு காலுறைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட பிறகும் அது தளர்வாகவே இருந்தது. நடக்கும்போது பூட்ஸ் முன்னால் போயிற்று, நான் அதன் பின்னால் போனேன்.

"குன்னூர்க்காரன், எனக்கு எந்தக் குளிரும் ஒண்ணும் பண்ணாதுன்னு லெட்டர்ல எழுதினியே அண்ணே," என்று சிரித்தாள். "இப்போ சொல்லு பார்ப்போம்."

குன்னூரில் குளிர் தோளில் வந்து உட்காரும். இங்கே பல்லுக்குள் போய்விடுகிறது. எழுபத்துமூன்றாம் ஆண்டு டிசம்பர் மாதம் அது.

எஸ்தர் அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஆறு வருடமாக ஊருக்கு வரவில்லை. நீயாவது வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போ என்று டிக்கெட் அனுப்பியிருந்தாள். நான் கிளம்பும் செய்தி கேட்டதும் எங்கள் பட்டறை முதலாளியம்மா டென்னிஸ் மேடம், "கொலோன் வரைக்கும் போறே, இதையும் முடிச்சுட்டு வா" என்று ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தார். ஆகவே தங்கையைப் பார்க்கப் போனவன், ஒரு புகாருக்குப் பதில் சொல்லவும் போனேன். புகாருக்குக் காரணமே நான்தான் என்பது மேடத்துக்குத் தெரியாது.

எங்கள் பட்டறையில் நாங்கள் பூச்சி கட்டுகிறோம். டிரவுட் மீன் பிடிக்கிறவர்களில் ஒரு சாரார் தூண்டிலில் புழு மாட்டமாட்டார்கள். சிறிய முள்ளின்மேல் பட்டுநூல், மயிற்பீலி, சேவல் கழுத்து இறகு எல்லாம் சுற்றி, தண்ணீரில் விழுந்த பூச்சிபோலச் செய்து அதைத்தான் வீசுவார்கள். வெள்ளைக்காரர்கள் நீலகிரி ஓடைகளில் டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டபோது இந்த வேலையும் மலையேறி வந்தது. அவர்கள் போன பிறகு பூச்சிகள் கப்பலேறிப் போக ஆரம்பித்தன. பட்டறையில் என்னைத் தவிர இருபத்திரண்டு பேரும் பெண்கள். காலையில் நானும் கட்டுவேன். மதியத்துக்குமேல் எல்லோருடையதையும் சரிபார்த்து, நல்லதை டஜன் கணக்கில் அட்டையில் குத்துவேன், சரியில்லாததைக் கழித்துவிடுவேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருடம் உள்ளே போனவன், வேறு வேலை தேடவில்லை.

கடிதம் எழுதியவர் குரோனர் என்ற ஜெர்மானியர். ஆர் என்ற ஆற்றின் கரையில் ஒரு சிறிய ஊரில் தூண்டில் கடை வைத்திருந்தார். நாங்கள் கட்டும் பூச்சிகளில் பாதி அவருக்குத்தான் போயிற்று. கடிதத்தில் நான்கே வரிகள். கையிருப்பில் உள்ள போன வருடச் சரக்கில் ஒவ்வொரு டஜனிலும் இரண்டு மூன்று பூச்சிகள் மற்றவற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றப்பட்டுள்ளன. இவை உங்கள் சரிபார்ப்பைத் தாண்டி எப்படி வந்தன. விளக்கம் கிடைக்கும்வரை அடுத்த ஆர்டர் இல்லை.

எப்படி வந்தன என்று எனக்குத் தெரியும். அவை கனகம் கட்டியவை.

கனகம் இடது கைக்காரி. வலது கைக்காரர்கள் முள்ளின் கண், அதாவது தூண்டில் நரம்பைக் கோர்க்கும் துளை, தங்கள் வலப்பக்கம் வரும்படி இடுக்கியில் பொருத்துவார்கள். அவளுக்கு அது இடப்பக்கம். அதனால் நூலும் இறகும் எதிர்த்திசையில் சுற்றும். சேர்ந்த புதிதில் மேடம், "எல்லாம் சாம்பிள் மாதிரி இருக்கணும், வலது கையில கட்டு" என்று சொல்லிவிட்டார். ஒரு மாதம் முயன்றாள். எல்லாம் தலை கலைந்த பூச்சிகளாக வந்தன. சாப்பாட்டு நேரத்திலும் மற்ற பெண்கள், "அந்தக் கையால எதையும் நீட்டாதடி" என்று விரட்டுவார்கள். ஒருநாள் அவள் சத்தமில்லாமல் இடது கைக்கு மாறியதைப் பார்த்தேன். பார்க்காதவன்போல இருந்துவிட்டேன். மேடத்துக்கு ஏற்கெனவே பார்வை மங்கிக்கொண்டிருந்தது. ஓர் அட்டைக்கு மூன்றுக்குமேல் அவளுடையதை வைக்கமாட்டேன். அந்த மூன்றும் ஓரத்தில் வராமல் நடுவில் குத்துவேன். ஒன்பது வருடம் இப்படிப் போயிற்று.

காலை வேளைகளில் அவள் இருக்கை எனக்கு எதிரே. வலது கைக்காரர்கள் இருவர் எதிரெதிரே உட்கார்ந்தால் அவர்கள் முட்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். எங்கள் இருவர் முட்களும் ஒரே பக்கம், ஜன்னல் பக்கம், பார்த்தன.

பேச்சு அதிகம் இல்லை. எனக்குப் பெண்களிடம் பேச வராது. அவளிடம் அதைவிட வராது. தங்கைகளுக்கெல்லாம் முடித்துவிட்டு, முப்பத்துநான்கு வயதில் அவளுக்குக் கூடலூர்ப் பக்கம் கல்யாணம் நிச்சயமானது. கடைசி நாள் இடுக்கியைத் துடைத்து வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? இந்த ஒன்பது வருசத்துல என் பூச்சியில ஒண்ணைக்கூட நீங்க கழிக்கலையே. ஏன் சார்?"

வேலை சுத்தமாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அதுகூட வாயில் வரவில்லை. வார்னிஷ் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நான் ஜெர்மனிக்குக் கிளம்பும்போது அதற்குப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை காலை எஸ்தரும் நானும் ரயிலேறினோம். எனக்கு ஆங்கிலம் படிக்க வரும், பேச வராது. ஜெர்மன் இரண்டும் வராது. அவளை விட்டால் எனக்கு வாய் இல்லை.

ரைன் நதியின் கரையோரமாகவே ரயில் போயிற்று. நதி சாம்பல் நிறம், வானம் அதே நிறம், நடுவில் ஒரு படகு மட்டும் சிவப்பு. எஸ்தர் டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சாதத்தை எடுத்தாள். தாளிப்பு வாசனை பெட்டி முழுக்கப் பரவியது. எனக்குக் கூச்சமாக இருந்தது. எதிரே இருந்த வயதான அம்மாள் மூக்கை நிமிர்த்தி ஏதோ கேட்டார்.

"சாதத்துக்கு ஏன் மஞ்சக் கலர்னு கேக்குறாங்க," என்றாள் எஸ்தர். மஞ்சள் என்று அவள் விளக்கியதும் அந்த அம்மாள் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தார். அவர் சொன்னதைக் கேட்டு எஸ்தருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சண்டைக் காலத்துல இது பெயின்ட்டா இருந்தாக்கூட சாப்பிட்டிருப்போமாம். இது பெயின்ட்டைவிட நல்லாவே இருக்காம்." பதிலுக்கு ஓர் அவித்த முட்டையும், இஞ்சி மணக்கும் கெட்டியான கேக் துண்டு ஒன்றும் எங்கள் மடியில் வைத்தார்.

ரெமாகனில் வண்டி மாற வேண்டும். கிளை ரயிலின் படியில் கால் வைத்தேன், பூட்ஸ் வரவில்லை. கழன்று தண்டவாளத்தில் விழுந்துவிட்டது. ஒற்றைக் காலில் நின்றேன். கார்டு ஒரு நீண்ட கொக்கியோடு வந்து அதை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது கைக்கடிகாரத்தைக் காட்டி நிறையப் பேசினார்.

"என்ன சொல்றாரு?"

"ரெண்டு நிமிஷம் லேட்டாம். உன்னாலயாம்."

எங்கள் மலை ரயில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நிற்கும். இங்கே பெட்டியில் இருந்த அத்தனை பேரும் தங்கள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் காலைப் பார்த்தார்கள்.

குரோனரின் கடை ஆற்றுப் பாலத்தை ஒட்டி இருந்தது. அறுபது வயது, பெரிய உடம்பு, தடித்த கண்ணாடி. கைகுலுக்கி முடித்ததும் நேரே ஓர் இருமல் மிட்டாய் டப்பாவை மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே நாற்பத்தொரு பூச்சிகள். எல்லா அட்டைகளிலிருந்தும் பொறுக்கியெடுத்து, சிப்பாய்கள்போல வரிசையாக நிறுத்தியிருந்தார்.

மயிற்பீலி உடம்பு, பழுப்பு இறகு, சின்னஞ்சிறு கறுப்புத் தலை. கனகம் முடிச்சுப் போடும்போது தலையில் ஒரு சுற்று அதிகம் சுற்றுவாள். நாற்பத்தொன்றிலும் அந்தச் சுற்று இருந்தது. இத்தனை தூரம் வந்து, இத்தனை பனிக்கு நடுவில், அவள் கையைப் பார்க்கிறேன் என்று நினைத்தேன். டப்பாவைத் தொடப் பயமாக இருந்தது.

"இதெல்லாம் எப்படித் தப்பி வந்துச்சுன்னு கேக்குறாரு," என்றாள் எஸ்தர்.

குனிந்து பூட்ஸின் கயிற்றை இறுக்கினேன்.

"அண்ணே, ஏதாவது சொல்லு. கண்ணு சரியாத் தெரியலன்னு சொல்லு. அவசரத்துல நடந்துடுச்சுன்னு சொல்லு."

அது பொய். "தப்பி வரல. தெரிஞ்சுதான் அனுப்பினேன்னு சொல்லு."

எஸ்தர் என்னை முறைத்துவிட்டுச் சொன்னாள். குரோனர் கண்ணாடியைக் கழற்றினார். ஏன் என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நான் மேசையின் மரக்கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் குரல் உயர்ந்தது. எஸ்தர் துண்டு துண்டாகச் சொன்னாள். வாடிக்கையாளர்கள் குறை சொல்கிறார்களாம். இப்படிச் சுற்றினால் இறகு தண்ணீரில் தப்பான பக்கம் அசையுமாம். மீன் தொடவே தொடாதாம்.

உள்ளேயிருந்து காப்பித் தட்டோடு வந்த அவர் மனைவி ஏதோ சொல்ல, எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டாள். "நாற்பது வருஷமா மீன் என்ன நினைக்குதுன்னு இவர் சொல்லிட்டிருக்காராம். நான் என்ன நினைக்கிறேன்னு ஒரு தடவைகூட கேட்டதில்லைங்கிறாங்க. மீன்கிட்டயே போய்க் கேட்டுட்டு வாங்களேன்னு சொல்றாங்க."

குரோனர் காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு விரல்விட்டு எண்ணுவதுபோலத் தீர்ப்பு சொன்னார். நாளை நண்பகலில் ஆற்றில் சோதித்துப் பார்ப்பது. மீன் எடுக்காவிட்டால், இத்தனையும் திருப்பி அனுப்பப்படும், சரிபார்ப்பவர் தெரிந்தே அனுப்பினார் என்று மேடத்துக்கு எழுதுவார், ஆர்டர் முடிந்தது. மீன் எடுத்தால், ஏன் அனுப்பினேன் என்று நான் சொல்ல வேண்டும். அதைக் கேட்டபிறகு ஆர்டரைப் பற்றி யோசிப்பார்.

அன்றிரவு அவர்கள் வீட்டு மாடியில் தங்கினோம். இறகு அடைத்த போர்வைக்குள் படுத்தபடி, எது நடந்தால் நல்லது என்று யோசித்தேன். ஒரு பக்கம் இருபத்திரண்டு பெண்களின் வேலை. இன்னொரு பக்கம் அந்தக் கேள்வி.

காலையில் வெளியே வந்தால் தெருவில் ஒரு கார்கூட ஓடவில்லை. பெட்ரோல் தட்டுப்பாட்டினால் அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை. குரோனரின் கார் கழுவித் துடைத்துக் கொட்டகையில் நின்றது. நடுரோட்டில் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். பாதிரியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிளில் போனார். மீன் பிடிக்கும் இடமோ ஏழு கிலோமீட்டர் மேலே.

பக்கத்துப் பண்ணைக்காரர் மரக்கட்டை இழுக்கும் குதிரை வண்டியைக் கொண்டுவந்தார். நாங்கள் நான்கு பேரும் ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்தோம். வழியில் முதல் சாராயக்கடை வந்ததும் குதிரை தானாக நின்றது. பண்ணைக்காரர் கெஞ்சிக் கிளப்பினார். இரண்டாவது கடையிலும் நின்றது.

"இது வழி தெரியாத குதிரையா?" என்று குரோனர் கேட்டாராம்.

"வழி நல்லாத் தெரிஞ்ச குதிரை," என்று அவர் மனைவி சொன்னாராம். பண்ணைக்காரர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஆர் அந்த இடத்தில் சிறிய ஆறு. எங்கள் அவலாஞ்சி ஓடையைவிடக் கொஞ்சம் அகலம். இரு கரையிலும் பனி, நடுவில் கறுப்பாகத் தண்ணீர். குளிர்காலத்தில் மீன் மேலே வராது என்றார் குரோனர். ஆழமான மடுவின் அடியில் அசையாமல் கிடக்கும். ஒரு சாண் தூரம்கூட இரைக்காக நகராது. பூச்சியை மூழ்கவிட்டு, அதன் வாய்க்கு நேரே மெதுவாக மிதந்துபோகச் செய்ய வேண்டும். வெயில் சற்று ஏறும் நண்பகல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் வேலை. தூண்டில் கோலின் வளையங்களில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும். ஐந்து வீச்சுக்கு ஒருமுறை அதை விரலால் நசுக்கி எடுத்தார்.

நியாயமான மனிதர். முதலில் எங்கள் பட்டறையின் வலது கைப் பூச்சி ஒன்றை மாட்டி அரைமணி நேரம் வீசினார். ஒன்றுமில்லை. பிறகு டப்பாவைத் திறந்து கனகத்தின் பூச்சி ஒன்றை எடுத்து, கண்ணில் நரம்பைக் கோர்த்து, எச்சில் தொட்டு முடிச்சை இறுக்கினார்.

அது தண்ணீருக்குள் போவதைப் பார்த்தேன். ஒரு கணம் மயிற்பீலி பச்சையாக மின்னியது, அப்புறம் தெரியவில்லை. இருபத்தைந்து வருடத்துக்குமேல் பூச்சி கட்டியிருக்கிறேன். ஒரு பூச்சி தண்ணீருக்குள் போவதை அன்றுதான் பார்த்தேன். எங்கள் ஊரில் பட்டறைக்கும் ஓடைக்கும் நடுவில் லைசென்ஸும் கிளப்பும் அதிகாரிகளும் இருந்தார்கள்.

வீசினார், இழுத்தார், வீசினார். அடுத்த மடுவுக்குப் போனோம். என் கால்விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. ஒரு மீனுக்காக ஜெபம் செய்வது சரியா என்று யோசித்தேன். செய்யவில்லை. ஆனால் கையைக் கோத்துக்கொண்டுதான் நின்றேன்.

மிதந்து வந்த தூண்டில் கயிறு நின்றது. அவ்வளவுதான். இலை தட்டியதுபோல ஒரு நிற்றல். குரோனர் மணிக்கட்டை லேசாக நிமிர்த்தினார். கோல் வில்லாக வளைந்தது. கரைக்கு வந்தது வானவில் டிரவுட். பக்கவாட்டில் ரோஜா நிறக் கோடு. எங்கள் ஓடைகளில் இருப்பதும் அதே ஜாதிதான். அந்தப் பனியில் அதைப் பார்த்ததும் ஊர்க்காரர் ஒருவரை ரயில் நிலையத்தில் பார்த்ததுபோல இருந்தது. வாயின் ஓரத்தில் கனகத்தின் பூச்சி. தலையில் ஒரு சுற்று அதிகம்.

குரோனர் மீனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அதே பூச்சியில் பத்து நிமிடத்தில் இன்னொன்று. இது சிவப்புப் புள்ளி போட்ட பழுப்பு டிரவுட், வயிறு நிறைய முட்டை. அந்த ஜாதிக்கு அது முட்டையிடும் காலம், பிடிக்கக் கூடாது. அவர் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றி, அது தானாகக் கிளம்பும்வரை தாங்கிப் பிடித்திருந்தார். அந்தப் பெரிய கை அத்தனை மெதுவாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"இரண்டு மீன் நிரூபணம் ஆகாது," என்று வண்டியில் முணுமுணுத்தாராம். "நண்பகல் ஆகிவிட்டது, அதனால்கூட இருக்கலாம்."

"மீன் பேசிவிட்டது. இனி நீங்கள் பேசாமல் வாருங்கள்," என்றாராம் மனைவி.

மதியச் சாப்பாட்டில் அந்த மீன் வந்தது. வினிகர் விட்ட வெந்நீரில் வேகவைத்திருந்தார்கள். தோல் நீலமாக மாறியிருந்தது. பக்கத்தில் அவித்த உருளைக்கிழங்கும் உருக்கிய வெண்ணெயும். மேசை நடுவில் பச்சைத் தழை வளையம். ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுவர்த்திகளில் இரண்டு எரிந்தன. கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு ஞாயிறு பாக்கி. மீனின் ருசி மென்மையாக இருந்தது. ஆனால் மிளகாயும் மஞ்சளும் தடவி வறுத்தால் எப்படி இருக்கும் என்ற நினைப்பு என்னை விடவில்லை. எஸ்தருக்கும் அப்படித்தான்போல. கைப்பையிலிருந்து ஒரு சிறு பாட்டிலில் எலுமிச்சை ஊறுகாயை எடுத்தாள். குரோனரின் மனைவி ஒரு துண்டைத் தொட்டுக்கொண்டு இருமினார். குரோனர் இருமாமல் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

பிறகு தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்போ நீ சொல்லணும் அண்ணே," என்றாள் எஸ்தர்.

ஊறுகாய் பாட்டிலின் மூடி என் கையில் இருந்தது. திருகிக்கொண்டிருந்தேன். அது தெரிந்ததும் கீழே வைத்துவிட்டேன்.

"அதையெல்லாம் கட்டினது ஒரே ஆள். அவ பேரு கனகம். அவ கட்டினதைக் கழிக்க எனக்கு மனசு வரல. வேலை நல்லா இருந்துச்சு, அது மட்டும் காரணமில்ல. அவ கட்டினதுங்கிறதுதான் காரணம்."

எஸ்தர் மொழிபெயர்க்கவில்லை. "யாரு அண்ணே அது?"

"எனக்கு எதிர் சீட்டுல இருந்தா."

"இருந்தாளா? இப்போ?"

"போன தை மாசம் கல்யாணம் ஆகிப் போயிட்டா."

"அவகிட்ட சொன்னியா?"

"கடைசி நாள் அவளே கேட்டா, ஏன் கழிக்கலன்னு. நான் சொல்லல."

எஸ்தர் தண்ணீர் குடித்தாள். பிறகு ஜெர்மனில் சொன்னாள். நான் சொன்னதைவிட அது நீளமாக இருந்தது. குரோனரின் மனைவி முள்கரண்டியைக் கீழே வைத்தார். குரோனர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடியும் துடைத்தார். நான் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தாறு வயதில் ஒருவன் அந்நியர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இப்படி உட்கார்ந்திருப்பதை ஊரில் யாரும் பார்க்கவில்லை என்பது ஒரு ஆறுதல்.

கடைசியில் குரோனர் பேசினார். எஸ்தர் சொன்னாள்: "வியாபாரத்துக்கு இது ஒரு காரணமே கிடையாதாம். ஆனா இதைப் போய் யாரும் பொய்யாச் சொல்லமாட்டாங்கங்கிறாரு. ஆர்டர் தொடருமாம். மேடத்துக்கு எதுவும் எழுதமாட்டாராம். இன்னொண்ணு. இனிமே இதை நடுவுல ஒளிச்சு வைக்க வேண்டாமாம். இடது கைப் பூச்சி மட்டும் தனி அட்டையில, டஜனா வேணுமாம். அவளால எத்தனை கட்ட முடியும்னு கேக்குறாரு."

"அவதான் போயிட்டாளே."

அதைக் கேட்டு குரோனரின் மனைவி சொன்னது இது: "கல்யாணமான பெண்களுக்கும் கை இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்."

கிளம்பும்போது, இரண்டு மீன்களும் கடித்து இறகு கலைந்திருந்த அந்த ஒரு பூச்சியைத் தீப்பெட்டிக்குள் வைத்து என் சட்டைப்பையில் போட்டார் குரோனர். மீதி நாற்பதையும் டப்பாவோடு எடுத்து உள்ளே பூட்டினார். அவை இனி கடைச் சரக்கு இல்லை, தனக்கு வேண்டும் என்றார்.

திரும்பும் ரயிலில் எஸ்தர் ஒரு நோட்டைக் கொடுத்து, "இப்பவே எழுது. ஊருக்குப் போனா எழுதமாட்டே," என்றாள். எழுதினேன். கனகம் அவர்களுக்கு வணக்கம். ஜெர்மனியிலிருந்து ஒரு ஆர்டர். முள் இன்ன அளவு, மயிற்பீலி உடம்பு, பழுப்பு இறகு. நீங்கள் வழக்கமாகக் கட்டும் கையாலேயே கட்ட வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். முதலில் ஒரு டஜன் மாதிரிக்கு. முள்ளும் நூலும் மேடம் தபாலில் அனுப்புவார்.

எஸ்தர் எட்டிப் பார்த்துப் படித்தாள். "அதையும் எழுது."

"எதை?"

"இன்னிக்குச் சொன்னதை."

"அடுத்தவங்க வீட்டுக்குப் போற லெட்டர் எஸ்தர்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரெமாகன் வந்தது. இறங்கும்போது, "பூட்ஸைப் பிடிச்சுக்கோ," என்றாள். பிறகு, "அவ கேட்ட கேள்விக்கு ஒரு ஜெர்மன்காரருக்குப் பதில் கிடைச்சிருக்கு," என்றாள்.

ஜனவரி கடைசியில் குன்னூர் திரும்பினேன். ஆர்டர் தொடர்கிறது என்றதும் மேடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கடிதமும் சாமான்களும் கூடலூருக்குப் போயின. என் எதிர் இருக்கையில் ஒரு புதிய பெண் வந்திருந்தாள். அவள் முள்ளின் கண் சுவர்ப் பக்கம் பார்த்தது.

பங்குனியில் ஒரு பிஸ்கட் டப்பா தபாலில் வந்தது. பஞ்சுக்கு நடுவில் பன்னிரண்டு பூச்சிகள். ஒரு துண்டுக் காகிதம்.

"சார், இந்த வீட்டில் இடது கை ஆகாது என்கிறார்கள். அடுப்படியில் ஆரம்பித்து எல்லாவற்றுக்கும் வலது கை பழகிவிட்டது. இவற்றையும் அப்படித்தான் கட்டினேன். கேட்டபடி இல்லையென்றால் கழித்துவிடுங்கள். கனகம்."

பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சாம்பிளைப்போலவே சுற்றியிருந்தாள். அந்த முதல் மாதத்துத் தலை கலைந்த வேலை இல்லை. எங்கள் பட்டறையில் யாரும் இவ்வளவு சுத்தமாக வலது கையால் கட்டியதில்லை. தலையில் மட்டும் ஒரு சுற்று அதிகம் இருந்தது. குரோனர் கேட்ட தனி அட்டைக்கு இதில் ஒன்றுகூட ஆகாது. வாங்குகிறவர் கேட்டபடி இல்லாததைக் கழிப்பதுதான் என் வேலை.

அன்றைய சரக்கில் நான்கு அட்டைகளை எடுத்தேன். அட்டைக்கு மூன்றாக, ஓரத்தில் வராமல் நடுவில், பன்னிரண்டையும் குத்தி வைத்தேன்.